பிஸ்கட் டின்னில் கலந்தது

இரண்டு டப்பாவையும் ஒரே டின்னில் கொட்டிக் கலக்கியது அண்ணிதான். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். வாலு பக்கத்தில் நின்று டின்னைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிற்பாடு இந்தக் கதை வாய்க்கு வாய் மாறியது. வாலுவே ஒருமுறை மாற்றிச் சொன்னாள். அதனால் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

அண்ணி என்றால் ஊருக்கே அண்ணி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் வாலு அவளை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட, "அண்ணி, மூணாவது மாடித் துணி வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார். வாலு அவள் புருஷனின் தங்கை. சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர். ஐம்பத்தோரு வயதிலும் அந்த வால் உதிரவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவர் வாய் திறப்பது சாப்பிடத்தான். இரண்டு பெண்களும் பேசுகிற பேச்சில் அவருக்கு இடமும் கிடையாது.

சலவைக்கூடத்தில் அண்ணிக்கு உருளை இஸ்திரியில் வேலை. நெஞ்சளவு உயர எந்திரம். ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, கொதிக்கிற உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து தகடாக வெளியே வரும். அங்கே வாலு நின்று மடிப்பாள். நாளொன்றுக்கு அறுநூறு விரிப்பு. பத்தொன்பது வருஷத்தில் அண்ணி விட்ட விரிப்பில் ஒரு சுருக்கம்கூட விழுந்ததில்லை என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட அவளிடம் வேறு என்ன இருக்கிறது.

மாதவிலக்கு நின்ற பிறகுதான் வினை ஆரம்பித்தது. சும்மா நிற்கும்போதே நெஞ்சில் ஒரு சூடு கிளம்பும். கழுத்துக்கு ஏறும், காதுக்கு ஏறும், முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். மூன்று நான்கு நிமிஷத்தில் அது இறங்கிவிடும், உடனே குளிர் எடுக்கும். ராத்திரியில் இதே கூத்து நாலு தடவை. வாலுவுக்கும் அதே வயது, அதே அவஸ்தை. இருவரும் அதற்கு 'குப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு எத்தனை குப் அண்ணி?" என்று வாலு கேட்பாள். "எண்ணுற நிலைமையிலயா இருந்தேன்" என்பாள் அண்ணி.

ஒருநாள் உருளைக்கு முன்னால் நின்றபோது ஒரு பெரிய குப் வந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்து அண்ணி சாய்ந்துவிட்டாள். விரிப்பு கோணலாகப் போய்ச் சிக்கியது, எந்திரத்தை நிறுத்தினார்கள். கை உள்ளே போகாதது யார் செய்த புண்ணியமோ. மேற்பார்வையாளர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். "அண்ணி, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை அழுக்குப் பிரிவுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. கோவிச்சுக்காதீங்க."

அழுக்குப் பிரிவு என்பது வார்டுகளிலிருந்து வரும் துணியை, ரத்தமும் சீழும் இன்னபிறவும் எது எது என்று கையுறை போட்டுப் பிரிக்கிற இடம். வேலை கேவலம் இல்லை, யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் பத்தொன்பது வருஷம் உருளையை ஆண்டவளுக்கு அங்கே போவது என்றால் மானம் போகிற காரியம். அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே கவலை, இந்த 'குப்' வருவதை எப்படியாவது அடக்க வேண்டும் என்று.

அந்தச் சமயம் பார்த்துத்தான் லிஃப்ட் கதவில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்கள், உடல் சூட்டால் அவதிப்படுகிறவர்கள், ஆறு மாத ஆராய்ச்சிக்குத் தேவை. இருவரும் மத்தியான இடைவேளையில் ஐந்தாவது மாடிக்குப் போனார்கள். அங்கே இருந்த ஆராய்ச்சி நர்ஸுக்கு முப்பது வயது இருக்கும். எதைக் கண்டாலும் எண்ணுகிற பெண். கொடுத்த மாத்திரையை எண்ணுவாள், மிஞ்சிய மாத்திரையை எண்ணுவாள், பேனாவைக்கூட எண்ணித்தான் மேஜையில் வைப்பாள். வெளியே வந்ததுமே வாலு அவளுக்குக் கணக்கு நர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டாள்.

கணக்கு நர்ஸ் பதினாலு பக்கக் காகிதத்தைப் படித்துக் காட்டினாள். அதில் பாதி புரியவில்லை என்று முகம் பார்த்தே கண்டுகொண்டு, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சோயா தெரியும்ல? அந்த மொச்சை மாதிரி பயறு. அதுல ஐசோஃப்ளேவோன்னு ஒரு பொருள் இருக்கு. நம்ம உடம்புல குறைஞ்சுபோன ஹார்மோன் இருக்கு பாருங்க, ஈஸ்ட்ரோஜன், அதோட ஜாடை இதுக்கு உண்டு."

"அக்கா தங்கச்சி மாதிரியா?" என்றாள் வாலு.

"ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கோங்க. ஜாடை இருக்கும், பலம் கம்மி. உடம்பு சில இடத்துல ஏமாந்து இதை அக்கான்னு நெனச்சுக் கதவைத் திறந்து விட்டுடும். அதனால சில பேருக்குச் சூடு குறையுது, எலும்புக்குக்கூட நல்லதுன்னு சொல்றாங்க. சில பேருக்கு ஒண்ணுமே கேக்கறதில்ல. குடல்ல இருக்கற கிருமி ஆளுக்கு ஆள் வேற, அதனாலயும் இருக்கலாம். நிஜமா வேலை செய்யுதா இல்லையான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. கேட்டாலும் உடனே கேக்காது. எட்டு வாரம், பன்னெண்டு வாரம்கூட ஆகும். அவசரப்படாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அண்ணி காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு நர்ஸ் முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் காசு சுண்டிப் போட்டதுபோல் முடிவு பண்ணும். நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மாதம் ஒரு டப்பா, டப்பாவில் அறுபது, நாளைக்கு இரண்டு. குப் வருகிறபோதெல்லாம் ஒரு சின்ன நோட்டில் கோடு போட வேண்டும்.

வாலுவுக்குத் தைராய்டு குறைவு. பல வருஷமாக விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதைக் கேட்டதும் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க சேரலாம். ஆனா அந்த மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி இருக்கணும். சோயா சமாச்சாரம் தைராய்டு மாத்திரையை உடம்புல சரியா சேரவிடாம பண்ணலாம். இதை மதியமும் ராத்திரியும் சாப்பிடுங்க. மறந்துடாதீங்க."

"நான் மறந்தாலும் அண்ணி மறக்க மாட்டாங்க" என்று சிரித்தாள் வாலு.

அண்ணிக்கு முப்பத்தொன்றாம் எண் டப்பா, வாலுவுக்கு முப்பத்திரண்டு.

முதல் மாதம் முடிந்தது. அண்ணியின் நோட்டில் தினமும் பதினோரு கோடு, பத்துக் கோடு, மறுபடி பதினொன்று. வாலுவின் நோட்டில் ஒன்பது கோடு இருந்தது ஏழாகி, ஐந்தாகி, மாதக் கடைசியில் நாலுக்கு வந்து நின்றது. வாலு அந்த நோட்டைச் சமையலறை மேஜையில் திறந்தே போட்டிருப்பாள். சுவரில் மாட்டாத குறை.

அண்ணிக்கு வயிறு எரிந்தது. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் பார்த்து வருகிறாள். பஸ்ஸில் ஏறினால் வாலுவுக்குத்தான் உட்கார இடம் கிடைக்கும். ஒரே எண்ணெயைத்தான் இருவரும் தேய்க்கிறார்கள், வாலுவின் தலை இன்னும் கறுப்பு. மேற்பார்வையாளர் திட்டினால் அண்ணிக்கு மனசு நாலு நாள் கனக்கும், வாலு அடுத்த நிமிஷம் அவரிடமே டீ வாங்கிக் குடிப்பாள். இப்போது மருந்தும் அவளுக்கு, மாவு தனக்கு. கம்ப்யூட்டர்கூட ஆள் பார்த்துத்தான் காசு சுண்டியிருக்கிறது என்று அண்ணிக்குத் தோன்றிவிட்டது.

இரண்டாம் மாத டப்பாக்கள் வந்த அன்று சாயங்காலம் அண்ணி பழைய பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

"வாலு, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதே. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்கு மருந்தும் ஒருத்திக்கு மாவும்னா நல்லாவா இருக்கு? ஒரே வீட்டுல இருக்கோம். ரெண்டையும் கலந்து பாதிப் பாதி எடுத்துப்போம். யாருக்கு எது வந்திருந்தாலும் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கிடைக்கும்ல."

"கணக்கு நர்ஸ் எண்ணுவாளே?"

"எண்ணட்டும். ஆளுக்கு அறுபது திரும்பவும் டப்பால இருக்கும்."

வாலு ஒரு நொடி அவளைப் பார்த்தாள். "சரி அண்ணி. உங்களுக்கு எப்பவும் என்மேல ஒரு பாசம்தான்" என்று டின்னைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி இரண்டு டப்பாவையும் கொட்டி, கையை விட்டுக் கிளறி, அறுபது அறுபதாக எண்ணி மறுபடி டப்பாக்களில் போட்டாள். எண்ணும்போது வாலுவின் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாம் மாதமும் இதே கதை, நாலாம் மாதமும். இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. வாலு மத்தியான மாத்திரையை அடிக்கடி மறந்துவிட்டாள். நிஜ மருந்து வீணாகிறதே என்று அண்ணிக்கு ஆறவில்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு சின்ன மூடியில் வாலுவின் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து இதில் ஒன்றையும் வைத்துக் கையில் கொடுத்துவிடுவாள். நாலு மணி நேரம் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு நாள் இரண்டு நாள்தானே என்று ஆரம்பித்ததுதான். பிறகு பழக்கமாகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அண்ணிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. பதினோரு கோடு எட்டாகி ஆறாயிற்று. ராத்திரி ஒரே ஒரு தடவை விழிப்பு வந்தால் அதிகம். உருளைக்கு முன்னால் பழையபடி நிமிர்ந்து நின்றாள். "அண்ணி பழைய அண்ணி ஆயிட்டாங்கப்பா" என்று மேற்பார்வையாளர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மருந்து தன் டப்பாவில் இல்லாவிட்டாலும் பாதி பிடுங்கியாகிவிட்டது என்று அண்ணி உள்ளுக்குள் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

வாலுவோ மங்கிக்கொண்டே வந்தாள். முகம் உப்பியது. மற்றவர்கள் வேர்க்கிற கூடத்தில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மடித்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, என்ன சொல்ல வந்தோம் என்று யோசித்தாள். விரிப்புகள் அவள் பக்கத்தில் குவிந்தன. வழக்கமான தைராய்டு பரிசோதனைக்குப் போனபோது ரத்தத்தில் அளவு எக்கச்சக்கமாக மாறியிருந்தது.

தைராய்டு டாக்டர் ஆராய்ச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஐந்தாவது மாடிக்கு ஃபோன் போட்டார். உடம்புக்குக் கெடுதல் என்று சந்தேகம் வந்தால் யாருக்கு எது என்ற ரகசியத்தைத் திறந்து பார்க்கலாம். அதற்கு விதி உண்டு. திறந்தார்கள். முப்பத்திரண்டு, மாவு.

"அப்ப சோயா காரணம் இல்ல. தைராய்டே இன்னும் குறைஞ்சிருக்கு" என்று டாக்டர் தைராய்டு மாத்திரையின் அளவை ஏற்றி எழுதினார். ரகசியம் திறந்துவிட்டதால் ஆராய்ச்சியிலிருந்து வாலுவின் பெயரை எடுத்தாயிற்று. மிச்ச மாத்திரைகளைக் கணக்கு நர்ஸ் எண்ணி வாங்கிக்கொண்டாள். எண்ணிக்கை சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வாலு சொன்னபோது அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாலுவின் டப்பா மாவு என்றால், அந்த ஒன்பதை நாலாக்கியது மாவு. தான் கண் வைத்தது மாவின்மேல். அப்படியானால் தன்னுடையதுதான் மருந்தா? நிஜ மருந்தில் பாதியைத் தன் கையாலேயே தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறோமா? முதலில் அவளுக்கு வந்தது, வெட்கக்கேடுதான், ஐயோ போச்சே என்ற நினைப்பு. வாலுவின் உப்பிய முகம் அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது. கூடவே காலையில் மூடியில் சேர்த்து வைத்த இரண்டு மாத்திரைகளும்.

"வாலு, நாம கலந்ததைச் சொல்லிடலாமா?"

"எதுக்கு? சொன்னா உங்களையும் வெளிய அனுப்பிடுவாங்க. இப்பதான் நீங்க ராத்திரி தூங்கறீங்க. எனக்குத்தான் டோஸ் ஏத்திட்டாங்களே, சரியாப் போயிடும். வாயைத் திறக்காதீங்க அண்ணி."

அண்ணி வாயைத் திறக்கவில்லை. வாலுவே வேண்டாம் என்றபின் நமக்கென்ன என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி இருந்தது. இனி கலக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வாலுவுக்கு என்ன நடக்கப் போகிறது என்று அந்த நேரம் யாருக்கும் தெரியாது. தைராய்டு மாத்திரையைத் தடுத்துக்கொண்டிருந்த சோயா நின்றுவிட்டது. மாத்திரையின் அளவோ ஏறிவிட்டது. ஐந்து வாரம் கழித்து வாலுவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பு இளைத்தது. ஒரு வியாழக்கிழமை, மடித்த விரிப்புகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, உள்ள யாரோ ஓடறாங்க" என்றாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எண்ணவே முடியவில்லை.

மேலே அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. ஊசி போட்டு வேகத்தைக் குறைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். "இதயத்துல கோளாறு இருக்குமோன்னு பாக்கணும். தேவைப்பட்டா கால் ரத்தக் குழாய் வழியா ஒயர் விட்டுப் பாப்போம். நீங்கதான் அவங்க வீட்டு ஆளா? கையெழுத்து வேணும்."

அண்ணி படிவத்தை வாங்கினாள். பேனாவையும் வாங்கினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாலு படுத்திருந்தாள். மேலே விரித்திருந்தது அன்று காலையில் அண்ணி உருளைக்குள் விட்ட விரிப்பு. கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு மாத மாத்திரை இருக்கிறது, உருளையும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இரண்டும் போகும். இத்தனை நாள் சின்னக் காரியமாகத் தெரிந்தது, இப்போது ஒரு ஒயராக அவள் காலுக்குள் போகப் போகிறது. அண்ணிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"டாக்டர், இதுக்கு முன்னாடி அஞ்சாவது மாடிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிடணும்" என்றாள். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அரை மணி நேரத்தில் ஆராய்ச்சி டாக்டர் அம்மாவும் கணக்கு நர்ஸும் வாலுவின் கட்டில் அருகே வந்து நின்றார்கள். அண்ணி டின், அறுபது அறுபது, காலை மூடி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நர்ஸ் தன் எண்ணிக்கைத் தாளை எடுத்துப் புரட்டினாள். அவள் எண்ணிய எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆனால் எல்லாமே தப்பு. பாவம் அந்தப் பெண்.

"முப்பத்தொண்ணையும் திறந்து பாக்கணும்" என்றார் டாக்டர் அம்மா. "ஒருத்தருக்கு மாவுன்னா இன்னொருத்தருக்கு மருந்துன்னு அர்த்தம் இல்ல. ரெண்டுமே மாவா இருக்கலாம். இருந்தா, நீங்க கலந்ததுல எந்தக் கெடுதலும் இல்ல."

நர்ஸ் ஃபோனில் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அண்ணி முதல் தடவையாக, தன் டப்பாவில் இருந்தது மாவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஐந்து மாதமாக எதற்கு ஆசைப்பட்டாளோ அது வேண்டவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு, மருந்து" என்றாள் நர்ஸ்.

டாக்டர் அம்மா தைராய்டு டாக்டரோடும் இளம் டாக்டரோடும் பேசினார். உடனே ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு அளவு மறுபக்கத்துக்கு எகிறியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, பிறகு பழைய அளவுக்கே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. ஒயர் இப்போதைக்கு வேண்டாம். "சோயாதான் காரணம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல" என்றார் டாக்டர் அம்மா. "ஆனா இது தெரியாமதான் டோஸை ஏத்தினோம். அதுமட்டும் நிச்சயம்."

"முதல் மாசம் எனக்கு ஒண்ணுமே கேக்கலயே டாக்டர், மருந்துதானே சாப்பிட்டேன்?"

"எட்டு வாரம் ஆகும்னு முதல் நாளே சொன்னேனேம்மா" என்றாள் நர்ஸ். கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழுகிற குரலில் சொன்னாள்.

"அப்ப எனக்கு மாவுலயே குறைஞ்சுதா?" என்று கட்டிலில் இருந்து வாலு கேட்டாள். "நான் எவ்வளவு நல்ல பொண்ணு பாருங்க, மாவு குடுத்தாலே கேக்கறேன்."

நர்ஸ் ஒரு படிவத்தை எடுத்தாள். விதிமீறல் நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம். தேதி, எண், என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். "காரணம் கேட்டிருக்காங்க. மறதி, புரியாமை, பக்கவிளைவு, இதர. ஏன் கலந்தீங்க?"

"நான்தான் கேட்டேன்" என்றாள் வாலு படுத்தபடியே. "அண்ணி வேண்டாம்னுதான் சொன்னாங்க. பாவம், பாசத்துல ஒத்துக்கிட்டாங்க. புரியாமைன்னு போடுங்க."

நர்ஸ் எழுதப் போனாள். அண்ணிக்கு அந்த நிமிஷம் அழகாகத் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்தது. வாலுவே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நடந்துபோனால் போதும். இருபத்தெட்டு வருஷமாக எத்தனை கதவை இப்படிப் பிடித்திருப்பாள் என்று அண்ணி அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள்.

"அவ பொய் சொல்றா" என்றாள். "நான்தான் கலந்தேன். பாசமும் இல்ல, புரியாமையும் இல்ல. அவளுக்குக் குறையுது, எனக்குக் குறையலன்னு பொறாமை. அவளோட டப்பாதான் மருந்துன்னு நெனச்சுப் பாதியைப் பிடுங்கினேன். அதை எழுதுங்க."

நர்ஸ் டாக்டர் அம்மாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். படிவத்தில் பொறாமைக்கு இடம் இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதினாள். அண்ணி அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். வாலு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வாலு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பேசவில்லை. அண்ணனிடம் பேசினாள், பக்கத்து வீட்டில் பேசினாள், தொலைக்காட்சியோடுகூடப் பேசினாள். அண்ணியிடம் மட்டும் 'உப்பு', 'தண்ணி' என்பதோடு சரி. அண்ணிக்கு இதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம். மாத்திரை நின்றதும் குப் மறுபடி ஏறி ஒன்பதில் வந்து நின்றது. பாதி மருந்து குறைத்ததா, குறையும் என்ற நம்பிக்கை குறைத்ததா, இனி யாராலும் சொல்ல முடியாது. வேறு மருந்துகள் இருக்கின்றன, பார்த்துத் தருகிறேன் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார்.

பத்து நாள் ஓய்வு முடிந்து வாலு வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே அண்ணி மேற்பார்வையாளரிடம் போனாள். "என்னை உருளைலேர்ந்து எடுத்துடுங்க. எனக்கு இன்னொரு தடவை கண்ணு இருட்டும். அழுக்குப் பிரிவுக்கே போறேன்."

அவர் காதைச் சொறிந்தார். "வாலு நேத்தே ஃபோன் பண்ணிட்டா. உருளைல இனி அவளே நிக்கறாளாம். உங்களை மடிக்கற பக்கம் போடச் சொன்னா, அங்க ஃபேன் இருக்காம். நான் சரின்னுட்டேன்."

இப்படித்தான் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணி எந்திரத்தின் மறுபக்கத்துக்கு வந்தாள். முதல் நாள் முதல் விரிப்பு வந்தபோதே நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு நீளச் சுருக்கம். இரண்டாவதில் இரண்டு. உருளைக்கு மேலே வாலுவின் தலை மட்டும் தெரிந்தது. முனையை இழுக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். அண்ணி சுருக்கம் உள்ளே போகும்படி மடித்து அடுக்கினாள்.

டீ இடைவேளையில் வாலு வந்து அதே பெஞ்சில், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நடுக்கம் இன்னும் முழுசாக விடவில்லை.

"அண்ணி" என்றாள் கடைசியாக. "அன்னிக்கு டின்னைக் கொண்டு வந்து வெச்சீங்களே. 'வாலு, என்னோடது வேலை செய்யல, உன் டப்பாவைக் குடு'ன்னு நேரா கேட்டிருந்தா, பாதி என்ன, முழுசையும் குடுத்திருப்பேன்."

"தெரியும்டி" என்றாள் அண்ணி. "அதனாலதான் கேக்கல."